திருவள்ளூரில் தண்ணீர் பிடித்தேன்

மச்சினனுக்குச் சிறுநீரகக் கல் எடுக்கிறார்கள், பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று என் மனைவி விஜி என்னை மஸ்கட்டிலிருந்து அனுப்பி வைத்தாள். நானே அந்தக் கல்லை எடுக்கிற டாக்டர்தான். இருபது வருஷமாக அங்கே அதைத்தான் செய்கிறேன். அப்படிப்பட்டவனிடம் போய், இன்னொருத்தர் எடுப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு வா என்றால் எப்படி இருக்கும்? ஓட்டல் வைத்திருப்பவனைப் பக்கத்து ஓட்டலில் பந்தி விசாரிக்க அனுப்பிய மாதிரிதான் இருந்தது.

அந்த இன்னொருத்தர் யார் என்பதுதான் விஷயமே. டாக்டர் தேன்மொழி. சென்னையில் என்னோடு யூராலஜி படித்தவள். வகுப்பில் நான் முதல். அவள் நாலாவதோ ஐந்தாவதோ. 'ரகு கை தங்கக் கை' என்று பேராசிரியர்கள் சொன்னது என்னைத்தான். அவள் என் நோட்டுகளை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவாள். படிப்பு முடிந்ததும் சொந்த ஊரான திருவள்ளூருக்குப் போய்ச் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தாள். பாவம், இதற்கா இவ்வளவு படித்தாள் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது எங்கள் வாட்ஸாப் குழுவில் யாருக்காவது சிக்கலான கல் வந்தால், 'தேன்மொழியைக் கேளு' என்று எழுதுகிறார்கள். கல் எடுத்த பிறகு குளிர்காய்ச்சல் வந்து ஐசியூவுக்குப் போன நோயாளி கடைசியாக எப்போது என்று கேட்டால் அவள் யோசித்துத்தான் சொல்ல வேண்டுமாம். எனக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. போன குளிர்காலத்தில் மட்டும் இரண்டு பேர். அதில் ஒருவர் பிழைத்ததற்கு என் திறமை காரணமில்லை.

கேஸை மறைக்கிறாள், இல்லாவிட்டால் சுலபமான கல்லாகப் பொறுக்கி எடுக்கிறாள் என்று விஜியிடம் சொன்னேன்.

"அதையும் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் விஜி.

முதல் நாளே வழியில் மாட்டிக்கொண்டேன். மீஞ்சூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றன. எங்கள் வாடகைக் கார் நடுவில். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இது டெய்லி பேஜாரு சார்" என்று சொல்லி ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பாதி கொடுத்தார். மஸ்கட்டில் பத்து நிமிஷம் தாமதமானால் நான் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டேன். இவர் கடலைத் தோலை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

மச்சினன் சேகர் மீஞ்சூர் வீட்டு வாசலில் நின்றிருந்தான். இளைத்துப் போயிருந்தான். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் அவன் பாய்லர் ஆபரேட்டர். மனைவி எட்டு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு மாதத்துக்கு முன்னால் கல் வழியை அடைத்து, சீழ் கோத்து, நடுக்கும் காய்ச்சலோடு அவனைத் தேன்மொழியிடம் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஒரு குழாய் வைத்துச் சீழை வடியவிட்டு, மருந்து கொடுத்து, கல்லை அப்புறம் எடுக்கலாம் என்று அனுப்பியிருக்கிறாள். இன்னொரு தடவை அந்தக் காய்ச்சல் வந்தால் உடம்பு தாங்குமா என்பதுதான் விஜியின் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரே மச்சினன்.

"ஒழுங்கா தண்ணி குடிச்சிருந்தா கல்லே வந்திருக்காது" என்றேன்.

"ஷிப்டுல தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும் மாமா. அந்நேரம் பாய்லரை யாரு பாத்துப்பா?" என்றான்.

இரவு பழவேற்காட்டு நண்டு வாங்கி அவனே குழம்பு வைத்தான். மஸ்கட் மீன் சந்தையில் உள்ளங்கையைவிடப் பெரிய நண்டெல்லாம் வாங்கியிருக்கிறேன். இந்த ருசி ஒரு நாளும் வந்ததில்லை. அதிலும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். சாப்பிட்டுக்கொண்டே, மஸ்கட்டுக்கு வா, நானே எடுத்துவிடுகிறேன் என்று கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம் மாமா. நம்ப மேடமே பாத்துக்கும்" என்றான்.

அந்த 'நம்ப' தொண்டையில் முள்ளாக நின்றது.

இரண்டாம் நாள் அவன் லீவுக் கடிதம் கொடுக்கக் கம்பெனிக்குக் கிளம்பினான்; கம்பெனி பஸ்ஸில் நானும் போனேன். பாதிப் பேர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். முன் சீட்டில் ஒருவர் தெலுங்கில் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெலுங்கு அரைகுறை. 'விழுந்த பல்லைக் கூரைமேல் போட்டாயா? சரி, இனிமேல் தம்பியைக் கடிக்காதே' என்று மகளிடம் சொன்ன மாதிரி இருந்தது.

வெளியாளை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். மசால்வடை சூடாக இருந்தது. சேகர் வேலையை ஒப்படைத்துவிட்டு வந்து அவன் உலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பாய்லர் என்றால் அவனுக்கு நேரம் போவது தெரியாது.

"பிரஷர் கேஜைப் பாக்கற ஆளு வேற எதையும் பாக்கக் கூடாது மாமா. அதான் மொத பாடம். தப்பு ஆயிடுச்சுன்னா திட்ட மாட்டாங்கோ. ஒரு ஃபாரம் தருவாங்கோ. யாரு பண்ணான்னு அதுல இருக்காது. எதுக்குப் பண்ணேன்னு எழுதணும். அதான் கஷ்டம்" என்றான்.

பிறகு சிரித்துக்கொண்டே, "நான் மேடம்கிட்டயே கேட்டேன், கிட்னில சேஃப்டி வால்வு எங்க மேடம் கீதுன்னு. மேடம் சிரிக்கல. நல்ல கேள்வி, அதுல வால்வு இல்ல சேகர், அதனாலதான் நாங்க பாத்துக்கினே இருக்கணும்னு சொல்லுச்சு" என்றான்.

நல்ல கேள்விதான். கல்லை உடைக்கும்போது சிறுநீரகத்துக்குள் உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால்தான் கேமராவுக்குக் கண் தெரியும். விட்ட தண்ணீர் அதே வேகத்தில் வெளியே வந்துவிட வேண்டும். வராமல் உள்ளே அழுத்தம் ஏறினால், கல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியையும் சேர்த்து அது ரத்தத்துக்குள் தள்ளிவிடும். அப்புறம் குளிர்காய்ச்சல்தான். இந்த அழுத்தத்தைக் கவனிக்க எங்கள் ஆஸ்பத்திரியில் திரை வைத்த பம்ப் ஒன்று இருக்கிறது. படம் கலங்கினால் அதன் எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, 'தள்ளு' என்று பயிற்சி டாக்டரிடம் சொல்வேன். அவன் ஊசிக்குழாயால் தண்ணீரைத் தள்ளுவான். படம் பளிச்சென்று ஆகிவிடும். இதைச் சேகரிடம் நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சேகர் நண்பனின் பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டான். நான் ரயிலில் வருகிறேன் என்று கெத்தாகக் கிளம்பினேன். மீஞ்சூரும் மின்சார ரயில் ஊர், திருவள்ளூரும் மின்சார ரயில் ஊர், அப்புறம் என்ன? இரண்டும் வேறு வேறு தடம் என்பது சென்னை வரை போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது. அங்கே மாறி மறுபடி மேற்கே போனேன். நடுவில் சிக்னலுக்காக வண்டி நின்றது. எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாள் என் கதையைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீஞ்சூர்லேருந்து திருவள்ளூருக்கு எவனாவது ரயில்ல போவானா நைனா? பெரியபாளையத்து வழியா பஸ்ல வந்திருந்தா இந்நேரம் துன்னுட்டுத் தூங்கியிருக்கலாம்" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. தேன்மொழி தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. "வா ரகு. ரயில்ல வந்தியாமே" என்று டப்பா மூடியில் எனக்கும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தாள். சேகர் போட்டுக்கொடுத்திருக்கிறான்.

சாப்பிட்டதும் ஒரு கேஸ் பார்க்கக் கூட்டிப்போனாள். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்குக் கல். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அவளுடைய பம்ப் என்ன கம்பெனி என்று தேடினேன். பம்பே இல்லை. தண்ணீர்ப் பை ஒரு சாதாரணக் கம்பியில் தொங்கியது. கம்பியில் ஓர் உயரத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது; பை அதற்கு மேலே போகக் கூடாது, அவ்வளவுதான். ஜெயந்தி என்ற நர்ஸ் நின்றாள். பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். அவள் டிவி திரையைப் பார்க்கவே இல்லை. குழாய் வழியாக வெளியே சொட்டுகிற தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு, "வருது... வருது..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை அவள் குரல் நின்றது. தேன்மொழியின் கால் அந்த நொடியே லேசர் பெடலிலிருந்து எழுந்தது. கேமராவைப் பின்னுக்கு இழுத்தாள். தண்ணீர் வடிந்தது. "வருது" என்றாள் ஜெயந்தி. வேலை மறுபடி தொடர்ந்தது.

இதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன் என்று இருந்தது. அதைவிட, இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

வார்டில் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் தனியாகக் கிடந்தது. உட்காரப் போனேன். "அது வேணாம் சார், வேற தரேன்" என்று ஜெயந்தி அவசரமாக நாற்காலி இழுத்துப் போட்டாள். தேன்மொழிதான் விளக்கினாள். யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால், அன்றைக்குத் தண்ணீர் யார் கையில் இருந்ததோ அவர்தான் அந்த ஸ்டூலைப் போட்டுக் காய்ச்சல் இறங்குகிற வரை பக்கத்தில் உட்கார வேண்டும். டாக்டரானாலும் சரி, நர்ஸானாலும் சரி.

"தண்டனையா?" என்றேன்.

"இல்ல. பக்கத்துல உக்காந்து பாத்தவங்க மறுபடி அழுத்த மாட்டாங்க" என்றாள். ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, "மொதல்ல உக்காந்தது நான்தான். ஒரு செங்கல் சூளைக்காரம்மா. படம் தெரியலைன்னு அழுத்து அழுத்துன்னு நானே சொன்னேன். அவங்க பொழைக்கல" என்றாள்.

குரலைத் தாழ்த்தவில்லை. வார்டில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள். மறைக்கிறாள் என்று விஜியிடம் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். இதைச் சொல்லுகிற தைரியமும் இவளுக்கே கிடைத்திருக்கிறதே என்று இருந்தது.

நான்காம் நாள் சேகருக்கு ஆபரேஷன். நானும் உள்ளே வருகிறேன் என்றேன்.

"வந்தா வேலை செய்யணும் ரகு. சும்மா நிக்கிற ஆளை உள்ள விடறதில்ல. தண்ணி புடிக்கிறியா? நான் சொல்லாம தள்ளக் கூடாது" என்றாள் தேன்மொழி.

எங்கள் ஆஸ்பத்திரியில் அது நேற்று சேர்ந்த டாக்டர் செய்கிற வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு கை கழுவினேன்.

மேஜையில் சேகர் மயக்கத்தில் கிடந்தான். ஊசிக்குழாய் என் கையில். பக்கத்தில் ஜெயந்தி, "சார், தண்ணிய பாருங்கோ, டிவிய பாக்காதீங்கோ" என்று ஒரு தடவை சொன்னாள். சரி என்றேன். "வருது... வருது..." ஆரம்பித்தது. தேன்மொழி கல்லைப் பொடியாக்கிக்கொண்டு போனாள். அவசரமே இல்லை. அந்த அவசரமில்லாமையே எனக்கு எரிச்சலாக இருந்தது. பாதிக் கல் போயிருக்கும். லேசாக ரத்தம் கசிந்து படம் கலங்கியது. நானாக இருந்தால் 'தள்ளு' என்றிருப்பேன். அவள் காலை எடுத்துவிட்டு, "கொஞ்சம் நிக்கலாம்" என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். கலங்கலுக்குள் ஒரு துண்டு கீழ் மூலைக்கு நழுவுவது தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் படிக்கிற காலத்திலிருந்தே கண் கூர்மை. 'கீழே ஒரு துண்டு போகிறது' என்று வாயால் சொல்லியிருக்கலாம், அது போதும். ஆனால் சொன்னால் அது வெறும் பேச்சு. அவள் கண்ணால் பார்க்க வேண்டும், ரகுதான் முதலில் பார்த்தான் என்று தெரிய வேண்டும். என் கட்டைவிரல் தள்ளியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. படம் கண்ணாடி மாதிரி ஆனது.

"அதோ பார், கீழ மூலையில" என்றேன். எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் அறை அமைதியாக இருப்பது தெரிந்தது. "வருது" நின்றுபோயிருந்தது.

"சார், கையை எடுங்கோ" என்றாள் ஜெயந்தி.

தேன்மொழி அதற்குள் கேமராவை முழுக்க வெளியே எடுத்திருந்தாள். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கலங்கலாகக் கொட்டியது. அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை தடவை?" என்றாள். என்னைக் கேட்கவில்லை.

"மூணு மேடம்" என்றாள் ஜெயந்தி.

"இன்னைக்கு போதும். டியூப் வச்சு முடிச்சிடலாம்."

"பாதிக் கல் இருக்கே" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சேகருக்கு நடுக்கம் ஆரம்பித்தது. மூன்று போர்வை போர்த்தியும் நிற்கவில்லை. கட்டில் கடகடவென்று ஆடியது. ரத்த அழுத்தம் இறங்கியது. ரத்தம் எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள், மருந்தை மாற்றினார்கள், இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறியது. அடுத்த சில மணி நேரத்தில் தேறாவிட்டால் ஐசியூவுக்கு மாற்றுவோம் என்றாள் தேன்மொழி. ஜெயந்தி அந்த நீல ஸ்டூலை எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் உட்கார்ந்தேன்.

எதிர்க் கட்டில் நோயாளியின் மனைவி என்னைப் பார்த்துவிட்டுப் புருஷனிடம், "இவரு கையிலயா இன்னிக்கு தண்ணி? பெரிய டாக்டராட்டம் கீறாரே" என்றாள். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

விஜி போன் பண்ணினாள். காய்ச்சல் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். "நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல, அப்ப எனக்குப் பயமில்லை" என்றாள். கட்டில் நடுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்கக் கூடாதென்று வராந்தாவுக்குப் போகப் பார்த்தேன். ஸ்டூலை விட்டு எழக் கூடாது என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வருஷத்தில் குளிர்காய்ச்சலை நான் போனில்தான் கேட்டிருக்கிறேன். நர்ஸ் எண்களைச் சொல்வாள், நான் மருந்தின் பெயரைச் சொல்வேன், அப்புறம் சாப்பிடப் போவேன். ஒரு மனிதனின் பற்கள் கிட்டுகிற சத்தத்தை அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டதில்லை. போன குளிர்காலத்தில் அந்த இரண்டு பேர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. சேகர் நினைவில்லாமல் மனைவி பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டான். அவள் எட்டு மாதம். இவனுக்கு ஏதாவது ஆனால் அவள் முகத்தையோ விஜியின் முகத்தையோ எப்படிப் பார்ப்பது என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரவைப் பற்றி மேலே எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஐந்தாம் நாள் காலையில் சேகருக்கு வியர்த்துக் கொட்டியது. ரத்த அழுத்தம் ஏற்கனவே நிமிர்ந்திருந்தது. தேன்மொழி வந்து நெற்றியில் புறங்கையை வைத்தாள், சார்ட்டைப் பார்த்தாள். "இறங்கிடுச்சு. இனிமே பயமில்ல. மிச்சக் கல்லை ஒரு மாசம் கழிச்சு எடுத்துக்கலாம்" என்றாள். என் தோளைத் தட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை. இந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு வார்த்தையாவது குத்தியிருப்பேன். அதை நினைத்ததும் மறுபடியும் அந்தப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது.

"சார், போய் நாஷ்டா துன்னுட்டு வாங்கோ. இட்லி வடகறி வந்துகீது" என்றாள் ஜெயந்தி. பசித்தது. ஆனாலும் எழவில்லை.

சேகர் கண்ணைத் திறந்தான். முதலில் என்னைப் பார்த்தான். அப்புறம் ஸ்டூலைப் பார்த்தான். அவன் போன மாதம் இதே வார்டில் பத்து நாள் கிடந்தவன். அவனுக்குத் தெரியாதது இல்லை.

"நீயா மாமா?" என்றான்.

"ஆமா."

"பிரஷர் ஏறிச்சா?"

"நான்தான் ஏத்தினேன்."

அவன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். உதடு வெடித்திருந்தது. பிறகு, "எதுக்கு?" என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. அவன் கம்பெனி ஃபாரத்தில் கேட்கிற மாதிரிதான் கேட்டான். படம் தெரியவில்லை என்று சொல்லலாம். எந்த டாக்டரும் ஒத்துக்கொள்வார். வாய் வரை வந்தது.

"மேடம் பாக்காத கல்லை நான் பாத்துட்டேன்னு காட்டறதுக்கு. எனக்கு அவ மேல பொறாமை" என்றேன்.

சேகர் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். முழு டம்ளரையும் குடித்தான். அப்போது என் போன் அடித்தது. விஜி. நான் எடுக்கத் தயங்குவதைப் பார்த்து, கையை நீட்டி அவனே வாங்கிக்கொண்டான்.

"அக்கா, நல்லா கீறேன். காய்ச்சல் பூட்ச்சி. மாமா ராவெல்லாம் ஸ்டூலு போட்டுக்கினு என் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தாரு" என்றான்.

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தப் பக்கம் விஜி அழுவது எனக்கே கேட்டது. அவர் இருந்ததால்தான் நீ பிழைத்தாய், என்ன செய்தாலும் ஈடாகாது என்று என்னென்னவோ சொன்னாள். சேகர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "ஆமா... ஆமாக்கா..." என்றான். நான் மஸ்கட் போய் இறங்கினால் அவள் எனக்குப் பாயசம் வைப்பாள். நான் அதைக் குடிப்பேன். இங்கே யாரும் எதையும் சொல்லப் போவதில்லை.

எதிர்க் கட்டில் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேகரின் கையிலிருந்து போனை வாங்கினேன். "விஜி, அழாம கேளு" என்றேன். இந்த ஆஸ்பத்திரியில் அந்த நீல ஸ்டூலில் யார் உட்காருவார்கள் என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.